கேட்காத கேள்வி

வாடகைக்கு விடவிருந்த எங்கள் ஃபிளாட்டில் படுக்கையறைச் சுவரெல்லாம் ஓதம். கறுப்பாகப் பூஞ்சை வேறு. மீட்டர் வைத்து ஈரத்தை அளந்தவர், “பாத்ரூம் பைப் கசியுது. அதைச் சரிபண்ணாம பெயின்ட் அடிச்சா திரும்ப வரும் சார்” என்றார்.

புரோக்கர் என்னைத் தனியே இழுத்தார். “ஒரு கோட்டிங் அடிச்சுடுங்க. யாரு கேக்கப் போறா?”

கேட்காததைச் சொல்லாமல் விட்டால் பொய்யா என்ன? மனசு உடனே வக்கீல் கோட்டு மாட்டிக்கொண்டது.

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊர். 2017-லேயே ஒரு தகப்பன் வீட்டில் பூஞ்சை என்று புகார் சொன்னார். மேலே பெயின்ட் அடிச்சுக்கோங்க என்றார்கள். 2020 டிசம்பரில் அவருடைய இரண்டு வயது மகன் அவாப் இஷாக் மூச்சுக் கோளாறால் இறந்தான். காரணம் பூஞ்சைதான் என்று 2022-ல் மரண விசாரணை சொன்னது. அவன் பெயரிலேயே பிறகு சட்டம் வந்தது.

பார்க்க வந்த தம்பதியிடம் விஷயத்தைச் சொன்னேன். கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். “தேங்க்ஸ் சார்” என்று போனவர்கள் திரும்பவில்லை. பிளம்பர் நாளை வருகிறார்.