கை ஓங்கியிருக்கும் நேரம்

இரக்கம் என்றதும் நல்ல சமாரியன்தான் நினைவுக்கு வருகிறான். அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கிவிடும் நாள் வாழ்க்கையில் எப்போதாவதுதான் வருகிறது. ஆனால் இன்னொருவரைவிட நம் கை ஓங்கியிருக்கும் நேரம் தினமும் வருகிறது. கிறிஸ்தவரின் இரக்கத்துக்குச் சோதனை அங்கேதான் என்று நம்புகிறேன்.

வேதாகமம் இரக்கத்தை வெறும் மன உருக்கமாக விட்டுவிடவில்லை. உபாகமம் 24ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஏழையின் போர்வையை அடகு பிடித்திருந்தால் பொழுது சாயும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவன் அதைப் போர்த்திக்கொண்டு தூங்கட்டும். கூலிக்காரனின் கூலியை சூரியன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும். வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. அது பரதேசிக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியது. கடன் கொடுத்தவர், வேலை வாங்குபவர், நிலம் உள்ளவர் என்று மேலே இருப்பவர்களைப் பார்த்தே இந்தக் கட்டளைகள் பேசுகின்றன.

ரூத் புத்தகத்தில் வரும் நிலக்காரர் போவாஸ் இன்னும் ஒருபடி மேலே போனார். கதிர் பொறுக்க வந்த ரூத்துக்காக, கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் உருவிப் போடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று வேலையாட்களிடம் சொன்னார். அதனால் அவள் கையேந்தாமல், தானே பொறுக்கிய வாற்கோதுமையோடு மாமியாரிடம் போனாள். கொடுப்பதைப் போலவே, வாங்குபவரைக் கூசவைக்காமல் இருப்பதும் இரக்கம்தான்.

நம் வீடுகளில் இதற்கு இடம் நிறைய. வேலைக்கு வரும் அக்காவின் சம்பளத்தை அவர் கேட்கும்வரை தள்ளிப்போடாமல் இருக்கலாம். காய்ச்சலில் படுத்த நாளுக்குப் பிடித்தம் செய்யாமல் விடலாம். கைமாற்று வாங்கியவரிடம் ஆராதனை முடிந்து எல்லோரும் நிற்கும்போது அதைக் கேட்காமல் இருக்கலாம். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கும் வயதான தாய்க்கு, முதல்முறை சொன்ன அதே குரலில் பதில் சொல்லலாம்.

'இரக்கம் காட்டினால் ஏமாற்றிவிடுவார்கள்' என்ற பயம் நியாயமானதே. ஆனால் மத்தேயு 18இல் இயேசு சொல்லும் உவமையில் ஒரு வேலைக்காரனுக்குப் பதினாயிரம் தாலந்து என்ற மாபெரும் கடன் தள்ளுபடியாகிறது. வெளியே வந்தவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய இன்னொரு வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். அன்று ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. நூறு நாள் கூலி என்பது ஏழைக்குப் பெரிய தொகை. அந்த இழப்பை இயேசு இல்லையென்று சொல்லவில்லை. தேவன் நமக்குத் தள்ளுபடி செய்த கடனையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார். அப்படிப் பார்க்கிறவர் சில நேரம் ஏமாறக்கூடும். ஏமாறாமல் தப்பிப்பதற்காகத் தொண்டையைப் பிடிப்பவராக மாறுவதைவிட, அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்வது மேல்.