யாருடைய பணி?

1901-ஆம் ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவில் காங்கிரஸ் மகாசபை கூடியது. அதற்கு வந்த காந்திஜி, பிரதிநிதிகள் பலருடன் ரிப்பன் கல்லூரியில் தங்கினார். தொண்டர்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒருவரிடம் ஒரு வேலையைச் சொன்னால் அவர் இன்னொருவரிடம் சொல்வார், அவர் மூன்றாமவரிடம் சொல்வார், வேலை நடக்காது. கழிப்பிடங்களின் நிலையைச் சுட்டிக்காட்டியபோது, ‘அது துப்புரவுத் தொழிலாளியின் வேலை’ என்று பதில் வந்தது. காந்திஜி துடைப்பம் தேடி வாங்கித் தாமே சுத்தம் செய்தார்.

பணிவுக்கு எடுத்துக்காட்டாகவே இந்நிகழ்ச்சி பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஆனால் அவரது சுயசரிதை மேலும் ஒன்றைக் கூறுகிறது. நெரிசல் மிகுதி, அடிக்கடி சுத்தம் செய்வது அவர் ஒருவரால் இயலவில்லை, தமக்கு வேண்டியதை மட்டும் செய்துகொண்டார். ஒரு மகாத்மாவின் பணிவுகூட ஓர் ஒழுங்கான ஏற்பாட்டின் இடத்தை நிரப்ப முடியவில்லை.

சேவை அன்பின் வெளிப்பாடு. அன்பை வரையறுத்துத் தாளில் எழுதலாமா? இது அற்பமான ஆட்சேபம் அன்று. எனினும் வேதகால வேள்வியில் ஹோதா, அத்வர்யு, உத்காதா, பிரம்மா என நால்வருக்கும் தனித்தனிப் பணி வகுக்கப்பட்டிருந்தது. நான்காமவர் பெரும்பாலும் மௌனமாக அமர்ந்திருப்பார். பிழை நேர்ந்தால் பரிகாரம் செய்வார். கவனித்திருப்பதையும் ஒரு பணியாக வகுத்த அந்த நுட்பம் இன்றைய சேவைக் குழுக்களில் அரிது! பணி வகுத்ததால் சிரத்தை குறைந்ததென்று எவரும் கருதவில்லை.

கண் சிகிச்சை முகாமில் ஒரு தொண்டரின் பணியை ‘நோயாளிகளுக்கு உதவுதல்’ என்று எழுதினால் எதுவும் எழுதவில்லை என்றே பொருள். ‘பரிசோதனை முடிந்த முதியவரை வாயில்வரை அழைத்துச் சென்று, உடன் வந்தவரிடம் ஒப்படைத்தல், காலை 8 மணி முதல் 11 மணி வரை, ஐயம் எழுந்தால் பதிவு மேசையில் கேட்டல், சொட்டு மருந்தைத் தாமே இடாதிருத்தல்.’ இதில் அன்பு எங்கே என்று சிலர் கேட்கலாம். மருந்திட்ட கண்ணுடன், படி தெரியாமல் நிற்கும் முதியவர் கேட்கமாட்டார்.

முடியும் நேரத்தை எழுதுவது முக்கியம். இரண்டு மணி நேரம் தர வந்த இல்லத்தரசி, மறுக்கத் தயங்கி மாலைவரை நிற்கிறார். அடுத்த மாதம் வருவதில்லை. அதற்கு ஈடுபாட்டுக் குறைவு என்று பெயர் சூட்டுவது நியாயமன்று. முடிவுக் காலம் இல்லாத பொறுப்பு வேறொரு தீங்கையும் வளர்க்கும்: அன்னதானக் கூடம் மெல்ல ‘என் சமையற்கட்டு’ ஆகிவிடும்.

உண்மையில் ரிப்பன் கல்லூரித் தொண்டர்கள் மனத்திலும் மிகத் தெளிவான ஒரு பணிப்பிரிவினை இருக்கத்தான் செய்தது. அதைப் பிறப்பு எழுதி வைத்திருந்தது. ஆகவே தெளிவு மட்டும் போதாது. தானே விரும்பி ஏற்றதாகவும், மாற்றத்தக்கதாகவும், முறைவைத்து அனைவருக்கும் வருவதாகவும் இருக்கும்போதே அது தர்மத்தோடு பொருந்தும். முகாமின் பணிப்பட்டியலில் கழிப்பறைக்கு எதிரே தலைவரின் பெயரும் செயலாளரின் பெயரும் அவரவர் முறையில் இடம்பெற வேண்டும்.