கடைசிக் கோடு பிள்ளைக்கு

வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளையை வீட்டுப்பாடத்துக்கு உட்கார வைத்ததும் நாம் செய்கிற முதல் காரியம் அவசரப்படுத்துவது. "ம்... சொல்லு, சொல்லு!" கேள்வி காதில் விழுந்து, புரிந்து, பதில் வாய்க்கு வர அதற்குக் கூடுதல் நேரம் வேண்டும். நடுவில் மறுபடி கேட்டால் பாவம், முதலிலிருந்து தொடங்கும். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். கஷ்டம்தான், குக்கர் விசில் அடிக்கும் நேரத்தில் இன்னும் கஷ்டம்.

சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் கையாளும் முறை ஒன்று உண்டு: வேலையைக் கடைசியிலிருந்து பழக்குவது. 'ட' எழுத வேண்டுமா? மேலிருந்து இறங்கும் கோட்டை நீங்கள் போடுங்கள். அடியில் வலப்பக்கம் போகும் கோட்டை மட்டும் பிள்ளை போடட்டும். முடித்தது தான்தான் என்ற பெருமை முகத்திலேயே தெரியும். பழகியபின் முழு எழுத்தையும் பிள்ளையிடமே விட்டுவிடலாம். நோட்டுக்கு முன்னால், தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் எழுதிப் பார்ப்பதும் நல்லது.

ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளை அழத் தொடங்கிய பிறகு நிரம்பும் பக்கம் பெரும்பாலும் அம்மாவின் கையெழுத்துதான்!

பத்துக் கணக்குக்குப் பதில் மூன்று போதுமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். இதில் கூச்சம் வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிள்ளையின் தேவைக்கேற்ற வசதியைச் செய்து தருவதை அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் பொறுப்பாக்கியிருக்கிறது. அரசுப் பள்ளி என்றால், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரையும் ஒருமுறை பார்த்துப் பேசிவிடுங்கள்.