பார்வைப் பறவை

இலங்கையில் கௌதாரி வாழ்வது வறண்ட வடமேல், வட கரையோரங்களிலேயே. சிறுபராயத்தில் எத்தாளைப் பற்றைகளுக்குள் தந்தையாருடன் அதனைப் பிடிக்கச் சென்றுள்ளேன். கூட்டிலிருக்கும் பழக்கிய சேவல் கூவும். தன் எல்லைக்குள் அயலான் புகுந்தானெனச் சினந்து ஓடிவரும் காட்டிலுள்ள சேவல் கண்ணியிற் சிக்கும். இவ்வாறு தன்னினத்தை ஈர்க்கப் பழக்கிய விலங்கைப் பண்டைத் தமிழர் 'பார்வை' என்றனர். பெரும்பாணாற்றுப்படையிலும் பார்வைமான் வருகிறது.

வள்ளுவர் கொல்லாமையை முதலறமாகவும் பொய்யாமையை அதற்கடுத்ததாகவும் வைத்தார். என்னை உறுத்துவதோ இரண்டாவதே. "தூண்டிலில் இரை குத்துவதும் வஞ்சனைதானே, மகன்?" என்பார் தந்தையார். உண்மைதான். ஆயினும் தூண்டில் மீனின் பசியை ஏய்க்கிறது. பார்வையோ மனைகாக்க வந்த மறத்தை ஏய்க்கிறது. (பறவைக்கு மறமேது என நண்பர்கள் நகைக்கலாம்.) கூட்டுச்சேவலும் பொய்யுரைக்கவில்லை, அது மெய்யாகவே அறைகூவியது. அங்கே பொய்த்தவர்கள் நாங்கள் இருவரே. இதனைத் தந்தையாரிடம் நான் இன்னும் கூறவில்லை.