காயம்பட்ட காலும் கர்மயோகமும்

வினையின் பயனில் பற்று வைப்பதே தளை என்று கூறும் சமய மரபுகளின் முன்னால், ஓட்டத்தைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவர் மாரத்தானை மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தே தீர வேண்டும் என்று மாதக்கணக்கில் உழைப்பதை எவ்வாறு மதிப்பிடுவது என்பது, மேலோட்டமாகப் பார்க்கையில் எளிதாகவும் நெருங்கிப் பார்க்கையில் மிகக் கடினமாகவும் இருக்கும் வினாவாகும். அத்தகையவருக்குப் பரிசுத்தொகையோ ஊதியமோ கிடையாது. குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் பிந்தி வந்தால் அதனால் பிறர் எவருக்கும் இழப்பும் கிடையாது. ஓடும் தொலைவுக்கேகூட இயற்கையில் எந்த அடிப்படையும் இல்லை: 42.195 கிலோமீட்டர் என்னும் அளவு, 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் பாதை விண்ட்சர் கோட்டையில் தொடங்கி அரங்கில் அரச குடும்பத்தினரின் இருக்கைக்கு எதிரே முடியுமாறு அமைக்கப்பட்டதால் உருவாகி, 1921இல் உலகத் தடகளக் கூட்டமைப்பால் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. தற்செயலாக அமைந்த ஒரு தொலைவை, மனிதர் தாமே வகுத்த மணிக்கணக்கால் அளந்து, அந்த அளவில் தம் நிறைவையும் ஏமாற்றத்தையும் ஒப்படைத்துவிடுவது அவாவின் தெளிவான வடிவம் என்று துறவு நெறியினர் கூறினால், அதை உடனே மறுத்துவிட இயலாது.

இந்த அவா எவ்வளவு வலியது என்பதற்குச் சான்றும் உண்டு. எரிக் ஆலன், பாட்ரிசியா டெச்சோ, டெவின் போப், ஜார்ஜ் வூ ஆகிய நால்வரும் ஏறத்தாழ ஒரு கோடி மாரத்தான் முடிவு நேரங்களைத் தொகுத்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மணி, மூன்றரை மணி, நான்கு மணி போன்ற முழு எண்களுக்குச் சற்று முன்னால் ஓட்டத்தை முடித்தவர்கள் குவிந்திருப்பதும், அந்த எண்ணைத் தாண்டியவுடன் அவர்களின் தொகை சரிவதும் புலப்பட்டன. உடலுக்கு மூன்று மணி ஐம்பத்தொன்பது நிமிடமும் நான்கு மணி ஒரு நிமிடமும் வெவ்வேறல்ல; கடைசி இரண்டு கிலோமீட்டரில் தளர்ந்த கால்களை விரைவுபடுத்துவது மனம் அந்த எண்ணின்மேல் கொண்ட பிடிப்பே. 1897 முதல் நடைபெற்றுவரும் பாஸ்டன் மாரத்தான் இந்தப் பிடிப்புக்கு ஒரு வாயிற்கதவையும் அமைத்தது; 1970 முதல் அங்கே ஓட விரும்புவோர் தகுதி நேரம் ஒன்றை நிறைவுசெய்ய வேண்டியதாயிற்று. 2025ஆம் ஆண்டுப் போட்டிக்கு 18 முதல் 34 வயது வரையிலான ஆண்களுக்கு மூன்று மணி நேரம் என்று விதிக்கப்பட்டிருந்தும், விண்ணப்பங்கள் இடங்களை மிஞ்சியதால் அந்தந்தத் தகுதி நேரத்தைவிட 6 நிமிடம் 51 நொடி விரைவாக ஓடியவர்களுக்கே இடம் கிடைத்தது. வாயிலை எட்டிய 12,000க்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டனர். வினை செய்பவர் கையில் இருப்பது, பயன் அவர் கையில் இல்லாதது என்னும் கீதையின் பிரிவினையை இதைவிட வெளிப்படையாக உணர்த்தும் நிகழ்ச்சி விளையாட்டுலகில் அரிது.

எனினும் கீதை இலக்கே வேண்டாமென்று சொல்லவில்லை என்பதை இங்கே வலியுறுத்த வேண்டும். இரண்டாம் அத்தியாயத்தின் புகழ்பெற்ற நாற்பத்தேழாம் சுலோகம் பயனுக்கு உரிமை கொண்டாடாதே என்று அறிவுறுத்தும் அதே மூச்சில், வினை செய்யாதிருப்பதிலும் பற்றுக் கொள்ளாதே என்கிறது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தவன் குறிதவறாத வில்லாளி. கிரேக்க ஸ்டோயிக் மெய்யியலார், அதாவது நம் வசத்தில் உள்ளதையும் இல்லாததையும் பிரித்தறிவதே அறத்தின் தொடக்கம் என்று கற்பித்த மரபினர், வில்லாளியையே எடுத்துக்காட்டாகக் கொண்டதாகச் சிசரோ கி.மு. 45இல் எழுதிய நன்மை தீமைகளின் எல்லைகள் பற்றிய நூலின் மூன்றாம் பகுதி காட்டுகிறது: நேராகக் குறிவைப்பதற்கு வேண்டிய அனைத்தையும் செய்து முடிப்பதே வில்லாளியின் உண்மையான நோக்கம், அம்பு தைப்பது அவன் தேர்ந்துகொள்வதே அன்றி அவன் வாழ்வின் நலம் தொங்கும் இடமன்று. இதே கருத்தை விளையாட்டின் பக்கத்திலிருந்து அணுகியவர் கனடாவில் பேராசிரியராக இருந்த பெர்னார்ட் சூட்ஸ். 1978இல் வெளியான ‘தி கிராஸ்ஹாப்பர்’ என்னும் நூலில் அவர் விளக்குவதன்படி, விளையாடுபவர் எளிதான வழியை விதிகளால் தாமே அடைத்துக்கொண்டு கடினமான வழியை ஏற்பது அந்தச் செயல் உண்டாக வேண்டும் என்பதற்காகவே. நாற்பத்திரண்டு கிலோமீட்டர் கடப்பது மட்டுமே நோக்கமானால் பேருந்து போதும். தத்துவப் பேராசிரியர் சி. தி. நுயென் 2020இல் இக்கருத்தை மேலும் விரித்து, போராட்டத்தின் சுவைக்காகவே தற்காலிகமாக ஓர் இலக்கை மெய்யாக விரும்ப மனிதரால் முடியும் என்றும், ஆட்டம் முடிந்ததும் அவ்விலக்கைக் கழற்றி வைக்கவும் அவரால் முடியும் என்றும் வாதிட்டார்.

இவ்விடையை ஏற்றால் இலக்கு நேரம் குற்றமற்றதாகிவிடும்: அது பயனுக்கான ஏக்கமாக இராமல் செயலுக்கு வடிவம் தரும் சட்டகமாக நிற்கும். பதினாறு அல்லது பதினெட்டு வாரப் பயிற்சித் திட்டத்தில் ஒவ்வொரு நாளின் வேகமும் அந்த எண்ணிலிருந்தே கணக்கிடப்படுகிறது. எண் இல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமையின் விரைவோட்டத்துக்கும் ஞாயிற்றுக்கிழமையின் நீண்ட ஓட்டத்துக்கும் வேறுபாடே இராது. ஆனால் ஒரு மாலைப்பொழுதில் ஆடி முடிக்கும் சதுரங்கத்துக்கு முற்றும் பொருந்தும் இவ்விளக்கம் மாரத்தானுக்கு அரைகுறையாகவே பொருந்துகிறது என்பதைக் காயம் வெளிப்படுத்துகிறது. அரையாண்டாக உறக்கத்தையும் உணவையும் குடும்பத்தின் விடுமுறை நாட்களையும் ஒழுங்குசெய்துவந்த ஓர் இலக்கைக் காய்களைப் போலப் பெட்டியில் போட்டு மூட இயலாது. அது ஓடுபவரின் எலும்பிலேயே எழுதப்பட்டுவிட்டது.

எலும்பில் என்பது சொல்லணியன்று. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது; அதைத் தாங்குமாறு எலும்பு தன்னைத் திருத்திக்கொள்கிறது. அத்திருத்தத்தில், பழைய திசுவை அரித்து நீக்கும் செல்கள் தம் பணியைச் சில வாரங்களில் முடித்துவிட, புதிய திசுவை நிரப்பும் செல்களுக்கு மாதங்கள் தேவைப்படுகின்றன. இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்பிருந்ததைவிட நலிந்திருக்கும். இதயமும் நுரையீரலும் தசைகளும் எலும்பையும் தசைநாணையும்விட விரைவாகப் பயிற்சிக்குப் பழகிக்கொள்வதால், ஓடுபவர் தம்மை மிகத் திடமாக உணரும் வாரமே அவருடைய கணைக்கால் எலும்பு மிகவும் தளர்ந்திருக்கும் வாரமாக அமையக்கூடும். அப்போது சுமை குறையாவிட்டால் நுண்ணிய விரிசல்கள் ஒன்றுகூடி, ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் எனப்படும் அழுத்த முறிவாகின்றன. தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாத இம்முறிவு எம்.ஆர்.ஐ. படத்தில்தான் புலப்படுகிறது, ஆறு முதல் எட்டு வாரங்கள் ஓட்டத்தை நிறுத்தச் சொல்வது வழக்கம். மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சும் அளவு மீறினால் முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டியது இந்நிகழ்வையே துல்லியமாகக் குறிக்கிறது: முறித்தது கடைசிப் பீலியன்று, கூடிவந்த எடை.

கர்மயோகத்துக்கு இங்கே எழும் சிக்கலைப் பொதுவான உரைகள் கண்டுகொள்வதில்லை. பயனை விட்டு வினையைப் பற்றிக்கொள் என்னும் அறிவுரை, வினையாவது நம் கையில் இருக்கிறது என்று எண்ணுகிறது. காயமோ வினையையே பறித்துக்கொள்கிறது. பாஸ்டனில் இடம் கிடைக்காதவர் நாளையும் ஓடலாம். அழுத்த முறிவு கண்டவருக்கு விடியற்காலை என்பதே வெறுமையாகிவிடுகிறது. அப்போதுதான் தம் பற்று எண்ணில் மட்டும் இல்லை, ஓடுகிறவர் என்னும் அடையாளத்திலும் வேரூன்றியிருந்தது என்பதை அவர் அறிகிறார். பயன்மேல் வைத்த பற்றைவிட வினைமேல் வைத்த பற்று நுண்ணியது. நற்பண்பின் தோற்றத்தில் இருப்பதால் அதைக் களைவது மேலும் கடினம்.

கீதையின் நான்காம் அத்தியாயத்தில் பதினெட்டாம் சுலோகம், வினையில் வினையின்மையையும் வினையின்மையில் வினையையும் காண்பவனே அறிவுடையோன் என்று கூறுவது இச்சிக்கலுக்கு நேரானதாகத் தோன்றுகிறது. சங்கரர் இதற்கு உரை எழுதுகையில் ஆன்மா எதையும் செய்வதில்லை என்னும் அத்வைதக் கொள்கையையே அதில் கண்டார். ஆகவே ஓய்வு நாளைப் பற்றிய அறிவுரையாக அதை நேரடியாகக் கொள்வது பிழை. ஆயினும் சும்மா இருப்பதாகத் தோன்றும் நிலையும் செய்யப்படும் ஒன்றாக இருக்கக்கூடும் என்னும் அதன் உள்ளுணர்வு உடலின் இயக்கத்தோடு ஒத்துப்போகிறது. பயிற்சியின்போது உடல் வலுவடைவதில்லை, தேய்கிறது, வலுவடைவது ஓய்வில். காலைத் தூக்கி வைத்துப் படுத்திருக்கும் எட்டு வாரங்களும் எலும்பின் கணக்கில் உழைப்பு நாட்களே. இவ்வாறு காயம்பட்டவரிடமிருந்து வினை முற்றிலும் பறிக்கப்படவில்லை, வடிவம் மாறியிருக்கிறது என்று சொல்ல இடமுண்டு. ஆனால் அவர் செய்வதாக உணராத வினை அது, எந்தக் கடிகாரமும் அளக்காத வினை, ஆதலால் பற்றுக்குப் பிடிகொடுக்காத வினை.

பௌத்த நூல்களில் இப்பொருளுக்கு மிக அணுக்கமான நிகழ்ச்சி சோண கோளிவீசருடையது. பெருஞ்செல்வக் குடும்பத்தில் பிறந்து துறவு பூண்ட அவர், இராசகிருகத்துக்கு அருகே சீதவனத்தில் நடைத்தியானத்தில், அதாவது குறித்த பாதையில் முன்னும் பின்னும் நடந்து மனத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சியில், பாதங்கள் பிளந்து குருதி சிந்தும்வரை முயன்றும் விடுதலை கிட்டாமல் இல்லறத்துக்கே திரும்பிவிட நினைத்தார். வீணையில் தேர்ந்தவராயிருந்த அவரிடம் புத்தர், நரம்பு மிக இறுகியிருந்தாலும் மிகத் தளர்ந்திருந்தாலும் இசை பிறக்குமா என்று கேட்டதை அங்குத்தர நிகாயம் கூறுகிறது. இவ்வளவும் பலர் அறிந்தது. வினய பிடகத்தின் மகாவக்கம் சொல்லும் பிற்பகுதியே இங்கு மேலும் பொருளுடையது. மென்மையான பாதங்கொண்ட சோணருக்கு ஒற்றைத் தோல் செருப்பணியப் புத்தர் அனுமதி அளித்தபோது, அத்தனை செல்வத்தைத் துறந்து வந்தவன் இப்போது செருப்பில் பற்று வைத்தான் என்று பிறர் கூறுவர் என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். சங்கத்தார் அனைவருக்கும் அனுமதி கிடைத்தால் தானும் அணிவதாகச் சொன்னார். புத்தரும் அவ்வாறே அனைவருக்கும் அனுமதித்தார். குருதி கசியும் பாதத்துக்கு மருந்தாக வந்ததை மறுக்கும் சோணரின் சொல்லில் துறவே ஒரு சாதனைப் பட்டியலாகி நின்றது. பிறர் தம்மைப் பற்றிக் கொள்ளும் எண்ணம் காயத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. இயன்முறை மருத்துவர் ஓடாதீர் என்று சொல்லியும் வலிநிவாரணி விழுங்கித் தொடக்கக் கோட்டில் போய் நிற்பவரின் உள்ளத்தில் நடப்பதும் இதுவே. புத்தர் சோணரை வாதத்தால் வெல்லாமல் விதியையே எல்லோருக்குமாக மாற்றியது, தனியொருவரின் தளர்ச்சியாகக் கருதப்பட்டதைப் பொது ஒழுங்காக்கி அவருடைய நாணத்தை நீக்கியது. பயிற்சித் திட்டங்களில் ஓய்வு நாள் எல்லோருக்கும் கட்டாயமாக எழுதப்பட்டிருப்பதன் நன்மையும் இங்கேதான் இருக்கிறது.

இதற்கு எதிரான பாதையும் பௌத்தத்துக்குள்ளேயே உண்டு. கியோத்தோவுக்கு அருகில் ஹியேய் மலையில் தெந்தாய் பிரிவினர் மேற்கொள்ளும் கைஹோக்யோ என்னும் நோன்பு, ஏழு ஆண்டுகளில் பரவிய ஆயிரம் நாட்கள் மலைப்பாதைகளை நடந்து கடப்பது. முதல் மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு நூறு நாட்கள், நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஒரு கட்டத்துக்குப் பின் கைவிட அனுமதியில்லை. தோற்றால் உயிர்விடுவதற்கு அடையாளமாகக் கயிறும் கத்தியும் உடன் கொண்டுசெல்லப்படுகின்றன. காயத்தைப் பொருட்படுத்தாமல் ஓடுவோரில் சிலர் இத்துறவியரைத் தம் முன்னோடிகளாகக் கொண்டாடுவது முறையன்று. அத்துறவியின் சங்கல்பம், அதாவது உறுதிமொழி, அவரைக் கடந்த ஒன்றுக்கும் அனைத்துயிர்களின் நலத்துக்கும் அளிக்கப்படுவது. அதிலிருந்து விடுவிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. தொழில்முறை சாராத ஓட்டக்காரரின் உறுதிமொழியில் அளித்தவரும் பெற்றவரும் ஒருவரே. பெற்றவர் எப்போது வேண்டுமானாலும் விடுவிக்கலாம். இந்த உரிமையே அவரைத் துன்புறுத்துகிறது, ஏனெனில் தம்மை விடுவிப்பது அறிவா சோம்பலா என்று அவருக்கே ஐயம். உடல் இதில் ஓரளவு உதவுகிறது: ஓடத் தொடங்கியதும் தளர்ந்து மறையும் இறுக்கமும், எலும்பில் ஒரே புள்ளியில் நிலைத்து அடிக்கு அடி கூடி நடையையே மாற்றிவிடும் வலியும் ஒன்றல்ல, பின்னதற்குப் பிறகும் ஓடுவதை மனவுறுதி என்று அழைப்பதற்கில்லை.

குணமடைந்த பின் எழும் வினா இதனினும் நுண்ணியது. பழைய சிறந்த நேரம் ஏட்டில் இருக்கிறது; அதை மீண்டும் எட்டுவதே மீட்சி என்று மனம் கருதுகிறது. ஆனால் மனித எலும்புக்கூட்டில் ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்களவு புதுப்பிக்கப்படுகிறது. அந்நேரத்தில் ஓடியவரும் இன்று காலணி கட்டுபவரும், மிலிந்த மன்னனுக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் அளித்த விடையின்படி, அவரேயும் அல்லர், வேறொருவரும் அல்லர். பாஸ்டனின் தகுதி நேரங்களும் 35 வயது தொடங்கி ஐந்தாண்டுக்கு ஒரு வகுப்பாகத் தளர்ந்து, எண்பதைத் தாண்டிய ஆண்களுக்கு 4 மணி 50 நிமிடமாகவும் பெண்களுக்கு 5 மணி 20 நிமிடமாகவும் நிற்கின்றன; கண்டிப்பான அந்த அமைப்புகூட ஒரே எண்ணை வாழ்நாள் முழுதும் ஒருவர்மேல் சுமத்தவில்லை. ஆகவே பொறுப்புள்ள பயிற்சியாளர்கள், முறிவு ஆறியவரை நடையும் ஓட்டமும் மாறிமாறி வரும் வாரங்களில் தொடங்கச் செய்து, பின்னர் ஒரு குறுந்தொலைவுச் சோதனை ஓட்டத்தில் கிடைக்கும் நேரத்திலிருந்தே புதிய இலக்கைக் கணக்கிடுகின்றனர். பழைய ஏடு அக்கணக்கில் சேர்க்கப்படுவதில்லை.