ஐந்து மணி ஆள்

பி.காம். படித்தவர்களுக்கு மத்தேயு 20-ம் அதிகாரம் கொஞ்சம் இடிக்கும். திராட்சைத் தோட்டக்காரர், நாள் கூலி ஒரு தெனாரியம் என்று பேசி விடியற்காலையில் ஆள் எடுக்கிறார். சாயங்காலம் ஐந்து மணி வரை எடுத்துக்கொண்டே இருக்கிறார். பட்டுவாடாவில் எல்லோருக்கும் அதே ஒரு தெனாரியம்! வெயிலில் காய்ந்தவன் முணுமுணுக்காமல் என்ன செய்வான்?

ஞாயிறு பிரசங்கங்களில் இது பெரும்பாலும் மோட்சக் கணக்காகிவிடும். சௌகரியம்தான். பர்ஸைத் தொட வேண்டாம் பாருங்கள்! ஆனால், ரஸ்கின் இந்தக் கதையிலிருந்து தலைப்பு எடுத்து எழுதிய பொருளாதாரப் புத்தகத்தை 1904-ல் தென்னாப்பிரிக்க ரயிலில் படித்த காந்தி, ஃபீனிக்ஸ் பண்ணையில் எல்லோருக்கும் ஒரே ஊதியம் என்று கிளம்பிவிட்டார்.

அந்த ஐந்து மணி ஆளைக் கவனியுங்கள். ஏன் சும்மா நிற்கிறாய் என்று கேட்டால், யாரும் கூப்பிடலை என்கிறான். நாள் முழுக்க நின்றவன்.

திங்கட்கிழமை காலை நாற்சந்தியில் தூக்குச்சட்டியோடு நிற்கும் சித்தாள்களைப் பார்த்திருப்பீர்கள். வாட்டசாட்டமானவர்கள் ஏழு மணிக்கே போய்விடுவார்கள். பத்து மணிக்கு மிச்சம் நிற்கும் வயசான அம்மாவை வீட்டு வேலைக்குக் கூட்டி வருகிறீர்கள். சாயங்காலம், 'லேட்டாதானே வந்தீங்க, முக்கால் கூலி போதும்ல?' என்று வாய்வரை வருகிறது. நியாயம்தான். அரிசிக் கடையில் அவருக்கு முக்கால் விலை கிடையாதே!

கதையில் கடைசி ஆளுக்குத்தான் முதல் பட்டுவாடா, காலையில் வந்தவன் கண்ணெதிரில். ஏழு மணிக்கே வந்த சித்தாளும் உங்கள் வாசலில்தான் நிற்கிறார். எவ்வளவு எடுத்துக் கொடுப்பீர்கள்?