குறி

தமிழில் 'குறி' என்ற சொல் அடையாளத்தையும் சுட்டும், எய்யப்படும் இலக்கையும் சுட்டும். வேட்டையைப் பற்றி யோசிக்கும்போது இதைத் தற்செயல் என்று விட்டுவிட முடிவதில்லை. இனம் காணாமல் வேட்டை கிடையாது.

விழுப்புரத்துக்கு அருகே செத்தவரைப் பாறையில் மான் தீட்டப்பட்டிருக்கிறது. தீட்டியவனுக்கு அது இன்ன மான் என்று தெரிந்திருக்கும். நமக்கு மான், அவ்வளவுதான். புள்ளிமானின் கொம்பு கிளைத்தது. உதிர்ந்து மீண்டும் முளைப்பது. இரலையின் கொம்பு கிளையற்றது, முறுக்கேறியது, உதிராதது. ஆப்பிரிக்கப் புல்வெளியின் இம்பாலாவும் குடுவும் இரலைக்கு உறவு. புள்ளிமான் வேறு குடும்பம். திண்டிவனத்திலிருந்து சென்னைக்குப் போகிறவர் கிண்டியில் இறங்கி இரண்டையும் பார்க்கலாம். இரண்டையும் மான் என்றே சொல்லிவிட்டுத் திரும்பலாம். இரலை, நவ்வி, உழை என்று பிரித்தறிந்த மொழி இது. வேட்டை போயிற்று, பெயர்களும் புழக்கத்திலிருந்து போயின.

கொல்வதற்காகப் பெற்ற அறிவு கறைபட்டதுதானா?

விலங்குகளைப் பாடம் செய்து வந்த லண்டன்காரர் ரோலண்ட் வார்ட், 1892இல் வேட்டைக் கொம்புகளின் அளவுகளைத் தொகுத்து வெளியிட்டார். அந்த மரபில் ஆப்பிரிக்காவுக்குப் போகிறவன் இனம், பால், வயது எல்லாம் அறிந்துதான் சுடுகிறான். கூர்மையான அறிவுதான், ஆனால் அங்குலக் கணக்கில் போய் முடிகிறது. நம் இரலையே 1930களில் டெக்ஸாஸுக்குப் போய், இன்று அங்கே கட்டணத்துக்குச் சுடப்படுகிறது. இங்கே அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

நரிக்குறவரின் வேட்டை அடுப்புக்கானது. சட்டம் இந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. அதில் நியாயம் உண்டு: துப்பாக்கி யார் கையில் இருந்தாலும் இரலைக்கு மரணம் ஒன்றே. ஆனால் வேட்டையை விடச் சொன்னவர்கள், அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றத்தில் நிறைவேற்ற 2022 டிசம்பர் வரை ஆயிற்று. ஐம்பது வருஷம். அவர்களைப் பேருந்து நிலையத்தில் பாசிமணி விற்கிறவர்களாக மட்டுமே நாம் அறிவோம். மானைப் பார்த்த பார்வையேதான் இதுவும்.

நாம் கொல்வதில்லை, ஆகவே கருணையுள்ளவர்கள் என்று எண்ணிக்கொள்கிறோம். இரலைக்கு வேண்டியது திறந்த புல்வெளி. கோடியக்கரையில் சீமைக்கருவேலம் பரவி அந்த வெளியைத்தான் சுருக்கியது. எந்த மரமானாலும் எல்லா உயிருக்கும் நல்லது என்று நம்புகிற சாது, துப்பாக்கி இல்லாமலே இரலையை ஒழித்துவிட முடியும். கருணைக்கும் குறி வேண்டும்: இன்ன உயிர், இன்ன நிலம், இன்ன தேவை.

வேடன் பெற்ற அறிவை வேடனின் நோக்கம் இல்லாமல் பெற முடியுமா? பசி அவனைப் பல நாள் ஒரே புதரடியில் உட்கார வைத்தது. நம்மை உட்கார வைக்க எது இருக்கிறது என்று தெரியும்வரை, நம் கொல்லாமையை ஒரு அறம் என்று சொல்லிக்கொள்ளத் தயக்கமாக இருக்கிறது.